யார் பெயரில் போட்டாலும்

தம்பி,

என் வீட்டுக் கதவின் கீழ்ப்பக்கத்தில் உன் சப்பாத்தின் அடி பதிந்திருக்கிறது. நேற்றுப் பின்னேரம் நீ உதைத்த உதையில் மேல் பிணைச்சல் கழன்று தொங்குகிறது. உள்ளே நான் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றேன். உன் மனைவி அபி, உங்கள் மகள் லியாவை மடியில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டு இருந்தாள். ஒவ்வொரு உதையும் என் முள்ளந்தண்டில் விழுந்தது. "அம்மா, திறவுங்கோ. அவள் தானா விழுந்தவள். நீங்கள் பாத்தனீங்கள்தானே. பொலிஸ் கேட்டா அப்பிடித்தான் சொல்ல வேணும்" என்று கத்தினாய். பிறகு கதவோடு வாயை வைத்து இன்னொன்று சொன்னாய். "அப்பான்ர காசை அமத்தின நீங்கள் எனக்கு நியாயம் சொல்ல வராதேங்கோ." இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. நேரே சொன்னால் நீ பாதியில் கத்துவாய், நானும் உன்னைப் பெற்றவள்தானே, உன்னைவிடப் பலமாகக் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. கோயிலடியில் நின்று உரக்க வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. இவ்வளவு காலமும் பட்ட வெட்கம் போதும்.

உன் வேலை போனது எனக்கு வலிக்காமல் இல்லை. படித்து முடித்த நாளிலிருந்து அந்த விமான உதிரிப்பாகக் கம்பனிக்கு உழைத்தாய். லியா பிறந்த அன்றுகூட மடிக்கணினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாய். ஒரு காலையில் கூப்பிட்டு, நன்றி சொல்லி, உன் மேசையில் இருந்த சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆள்குறைப்புக்கு நட்டஈடாக ஒரு தொகை தருகிறார்கள். அதை எப்படித் தரவேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் நீ சொல்லவேண்டும். கையில் வாங்கினால், இந்த வருடச் சம்பளத்தோடு அதுவும் சேர்ந்து உன் வருமானம் ஒரேயடியாக ஏறிவிடும். மத்திய அரசு ஒரு பக்கம், கியூபெக் அரசு மறுபக்கம் என்று இருவரும் வெட்டியெடுப்பார்கள். ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் நேரே போடச் சொன்னால், உனக்கு மீதமிருக்கும் வரம்புவரைக்கும் அந்த வெட்டு இல்லை. இங்கிலீஷ்காரர் ஆர்.ஆர்.எஸ்.பி. என்கிறதையும் பிரெஞ்சுக்காரர் ரேயெர் என்கிறதையும்தான் சொல்கிறேன். இதையெல்லாம் கணக்காளரிடம் போய்க் கேட்டு வந்தவள் அபி. நீ பெட்டியைத் திறக்காமல் சோபாவில் கிடந்த நாட்களில் அவள்தான் அதைச் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் லாசாலுக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தேன். பிட்டு அவித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இருவரும் குசினி மேசையில் இருந்தீர்கள். லியா கதிரையில் முழங்காலில் நின்று வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அபி பயந்து பயந்துதான் கதையைத் தொடங்கினாள். "இஞ்சருங்கோ, உங்கட பேரில போட்டாலும் வரி குறையும். என்ர பேரில போட்டா பேந்து எடுக்கேக்கை இன்னும் குறையுமாம். எனக்குச் சம்பளம் குறைவுதானே. வரிக்கழிவு உங்களுக்குத்தான் வரும். ரேயெர் து கொன்ஜுவான் எண்டு அதுக்குப் பேர்." அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும். அடுப்பை அணைக்க நான் கையை நீட்டினேன், அதற்குள் நீ அடித்துவிட்டாய். கன்னத்தில் அறையவில்லை, முட்டி மடக்கிக் குத்தினாய். அவள் தலை குளிர்சாதனப் பெட்டியின் விளிம்பில் மோதியது. நீ தலைமயிரைப் பிடித்து இழுத்தபோது தோடு கொழுவி காதுச்சோணை கிழிந்தது. மேசையில் இருந்த தேங்காய்ப்பூவில் இரத்தம் சொட்டியது. "எங்கட அம்மா அப்பாவுக்குச் செய்த வேலையை நீ எனக்குச் செய்யப் பாக்கிறியோடி" என்று கேட்டாய். நீ குடித்திருக்கவில்லை. உன் அப்பா குடித்திருந்தார் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். உனக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

நீ கதிரையைத் தூக்கினாய். அதில் ஒரு நொடி முன்புவரை உன் மகள் நின்றாள். ஆவி பறக்கிற பிட்டுக்குழலால் நான் உன் முன்கையில் அடித்தேன். ஒருமுறை இல்லை, கதிரை விழும்வரைக்கும் அடித்தேன். தோல் வெந்து கொப்பளம் போட்டிருக்கும். வைத்தியரிடம் காட்டு, ஆனால் அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உன்னைப் பெற்றபோது எனக்கு இருந்த பலம் முழுவதும் அப்போது என் கையில் இருந்தது. நீ தரையில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் அழுவதுபோல அழுதாய். எனக்கு உன்னைத் தூக்க வேண்டும்போல் இருந்தது. தூக்கவில்லை. லியாவைத் தூக்கினேன். அவளுக்குக் காற்சட்டை நனைந்திருந்தது. அபியின் காதில் ஒரு துவாயை அமர்த்திப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வந்து, ஆஸ்பத்திரியில் காதைத் தைப்பித்துக்கொண்டு, வில்லரேயில் என் வீட்டுக்குள் ஏறினோம். மெட்ரோவில் எல்லோரும் பார்த்தார்கள். லியா பிரெஞ்சில் என்னிடம் கேட்டாள், பப்பாவுக்குக் கோபமா என்று. ஓம் என்றேன். யாரில் கோபம் என்று கேட்டாள். என் சால்வையை எடுத்து அவளுடைய நனைந்த காற்சட்டையைச் சுற்றிக் கட்டினேன்.

அன்றைக்கே இல்-பிசாரில் இருந்து அபியின் அம்மா போன் எடுத்தா. நீ முதலில் அங்கேதான் தேடிப் போயிருக்கிறாய், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு. "சம்பந்தி, வேலை போன ஆம்பிளைக்குக் கோவம் வராதே? நீங்கள்தான் ரெண்டு பேரையும் இருத்திக் கதைச்சுச் சேத்து வைக்கோணும். பொலிஸ், கிலிஸ் எண்டு போனா எங்கட மானம் என்னத்துக்காகும்" என்றா. அவவின் மகளுடைய காது தைக்கப்பட்டிருக்கிறது, அவ மானத்தைப் பற்றிக் கவலைப்படுகிறா. நான் சொன்னேன், "உங்கட பிள்ளை இஞ்சைதான் இருக்கிறாள். நீங்கள் வந்து அவளின்ர காதைப் பாத்திட்டு, பேந்து என்னோட மானத்தைப் பற்றிக் கதையுங்கோ." இன்னும் வரவில்லை. பழி சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கதைத்தேன், அதுவும் என்னைப் பற்றியே.

இனி உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உன் அப்பாவின் காசை நான் அமத்தினேன், எனக்கென்று சுருட்டிக்கொண்டேன் என்ற கதையை அவர் டொரொன்டோவுக்குப் போனபிறகு போனில் உனக்குச் சொல்லிச் சொல்லியே உரு ஏற்றினார். கோயிலில் பின்வரிசை வாங்கில் இருக்கிற பெண்கள்கூட என்னைக் கண்டால் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடிப்பார்கள். நான் ஒருநாளும் மறுக்கவில்லை. நடந்தது இதுதான். அவரும் லாசாலில்தான் வேலை செய்தார், கடதாசிப் பெட்டி அடிக்கிற தொழிற்சாலையில். நல்ல வேலைகாரன். அதை நான் மறைக்கமாட்டேன். உனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அதை இழுத்து மூடினார்கள். அவருக்கும் உனக்கு வந்ததுபோல ஒரு தொகை வந்தது. கந்தோர்ப் பெண் ஒருத்தி தொழிலாளர் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் இருத்தி, கையில் எடுத்தால் வரி போகும், ஓய்வுக் கணக்கில் போட்டால் மிச்சம் என்று பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாளாம். நாங்கள் அதுவரை அந்தக் கணக்கில் ஒரு சதம் போட்டவர்கள் இல்லை. அதனால் வரம்பு நிறைய இருந்தது. தாளில் இரண்டு பெட்டி இருந்தது. ஒன்றில் அவர் பெயர் மட்டும். மற்றதில் கொன்ஜுவான் என்று எழுதி, என் பெயர்.

அவருக்குப் பிரெஞ்சு ஓடாது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். அந்தச் சொல்லின் பின்பாதியை அப்படி வாசித்தால் ஜொயின்ட் என்றுதான் வரும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஜொயின்ட் அக்கவுண்ட் தெரியும். மனிசனும் மனிசியும் சேர்ந்து வைக்கிறது, இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் காசு வரும். வீட்டுக்கு வந்து என்னிடமும் அப்படித்தான் சொன்னார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறன். எனக்கொண்டு நடந்தா நீ அலையக் கூடாது." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அன்பு இருந்தது. நானும் நம்பினேன். சந்தோசப்பட்டேன். அன்று இறைச்சி வாங்கிக் கறி வைத்தேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வாழ்க்கைத்துணை, கணக்கு முழுவதும் அந்தத் துணைக்குத்தான் சொந்தம், போட்டவருக்கு வரிக்கழிவு மட்டும்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். நீ இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த பிள்ளை. உன்னிடம் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த தை மாதம் டொரொன்டோவில் அவருடைய தமையனார் கடை எடுக்கக் காசு கேட்டார். இவர் வங்கிக்குப் போய், காசு எடுக்கிற யன்னலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இது உங்களுடைய கணக்கில்லை, உங்கள் மனைவி வந்தால்தான் கதைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் நின்றவர்களில் எங்கள் ஆட்கள் இருவர் இருந்தார்களாம், அவர்கள் சிரித்தார்களாம். சிரித்தார்களோ இல்லையோ, அவருக்கு அப்படித்தான் கேட்டது. நேரே வீட்டுக்கு வந்தார். நாங்கள் அப்போது மேல்மாடியில் இருந்தோம், வாசலில் இருந்து தெருவுக்கு இறங்குகிற அந்த இரும்புப் படிக்கட்டு இருந்த வீடு. நான் அடுப்படியில் நின்றேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னலைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய், கைபிடிக் கம்பியில் என் முகத்தை வைத்து அழுத்தினார். அந்தக் குளிரில் இரும்பில் தோல் ஒட்டிக்கொள்ளும். என் கன்னம் ஒட்டிக்கொண்டது. அவர் இழுத்தபோது உரிந்தது. "கள்ளி, எப்ப பிளான் போட்டனீ" என்று மட்டும் கேட்டார். நான் என்ன பிளான் என்று கேட்டேன். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காலால் உதைத்தார். படியின் வளைவில் அடிபட்டு, கீழே வெண்பனிக் குவியலில் போய் விழுந்தேன். என் காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் மேலே பார்த்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். நீ யன்னலில் நின்றாய்.

அன்று நான் செய்ததைத்தான் இன்று நீ எனக்குச் செய்யச் சொல்கிறாய். ஆஸ்பத்திரியில் தாதி எப்படி நடந்தது என்று கேட்டாள். எனக்கு விளங்கியது, ஆனால் சொல்ல மொழி இல்லை. நீ பக்கத்தில் நின்றாய். "ஐஸில வழுக்கிப் படியில விழுந்தவ எண்டு சொல்லு ராசா" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு நல்ல பிரெஞ்சில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாய். இந்த ஊரில் குளிர்காலத்தில் அந்தப் பொய்யை ஒருவரும் இரண்டாம்தரம் கேட்பதில்லை. அவள் உன் தலையைத் தடவி, நல்ல பிள்ளை என்றாள். உன் வாயில் அதை வைத்தவள் நான். அடித்தவன் தப்பலாம், பார்த்தவர்கள் வாயை மூடவேண்டும், அடிபட்டவள் விழுந்தாள் என்று சொல்லவேண்டும். இதை நான் உனக்கு அப்பம் பிட்டுக் கொடுப்பதுபோலக் கொடுத்தேன். நீ இன்றைக்கு அதை எனக்குத் திருப்பிக் கொடுக்கிறாய். எனக்கு அது வேண்டாம்.

அதற்குப் பிறகு நடந்ததை உன் அப்பா உனக்குச் சொல்லவேயில்லை, ஏனென்றால் சொன்னால் கதை நிற்காது. நாங்கள் பிரிந்தபோது நான் அந்தக் கணக்கைத் தொட்டிருக்கவில்லை. வழக்கறிஞர்ப் பெண் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதற்காகவா இவ்வளவும் நடந்தது என்று கேட்டாள். இந்த மாகாணத்தில் கல்யாணம் செய்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு ஓய்வுக் கணக்கில் சேர்த்ததை யார் பெயரில் போட்டாலும், பிரிகிறபோது சரிபாதியாகத்தான் பிரிப்பார்கள். புருசன் பெயரில் இருந்தாலும் சரி, மனைவி பெயரில் இருந்தாலும் சரி. அப்படியே பிரித்தார்கள். பாதி அவர் கைக்குப் போனது. அவர் அதைத் தமையனாருக்குக் கொடுத்தார். கடை ஓடவில்லை, தமையனாரோடும் சண்டை பிடித்தார். என் பாதியை நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன், அது என் பாதி. ஆனால் நான் அமத்தியது என்று நீ இவ்வளவு காலமும் நெஞ்சுக்குள் வைத்திருந்த காசு, சட்டப்படி சரியாக இரண்டாகப் பிரிந்த காசு. நான் அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவை நீ நேசித்தாய். உனக்கு ஒரு அப்பா வேண்டும் என்று நினைத்தேன். மடைச்சி.

உன் அப்பாவுக்காவது ஒரு சொல் விளங்கவில்லை. உனக்கு என்ன விளங்கவில்லை? நீ பிரெஞ்சில் கனவு காண்கிறவன். கொன்ஜுவான் என்றால் என்ன என்று லியாவைப் பகலில் பார்க்க விடுகிற கார்தெரியில் இருக்கிற பிள்ளைகளுக்கும் தெரியும். அபி சொன்னதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மேசையில், என் முன்னால், பிள்ளையின் முன்னால், ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவள் பெயரில் போட்டிருந்தாலும் பாதி உன்னுடையதுதான். உன் பெயரில் போட்டிருந்தாலும் பாதி அவளுடையதுதான். அப்படியானால் நீ எதற்காக அவளை அடித்தாய்? அவரைத் திரும்பிப் பார்த்து வெறுக்க எனக்கு இவ்வளவு வருடம் எடுத்தது. உன்னை வெறுக்க முடியவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையின் காலடிச் சத்தத்துக்குப் பயந்து கதவின் பின்னால் நிற்பது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதான் மன்றாடுகிறேன்.

காசைப் பற்றி ஒரு யோசனை சொல்லிவிட்டு முடிக்கிறேன், ஏனென்றால் வெள்ளிக்கிழமை உனக்காகக் காத்திருக்காது. முதலில் நான், அபியின் பெயரிலேயே போடு, அதுதான் நீ செய்ததற்குப் பரிகாரம் என்று எழுத இருந்தேன். அவளிடம் சொன்னேன். அவளுக்கு வாயைத் திறக்கவே வலிக்கிறது, தாடை வீங்கியிருக்கிறது. "வேண்டாம் மாமி. அவற்ற காசு என்ர பேரில இருந்தா அது என்ர தலைக்கு மேல நிக்கிற தடி. எனக்கு அது வேண்டாம். பிள்ளைக்குக் குடுக்க வேண்டியதை நீதிமன்றம் சொல்லும்" என்றாள். அவள் சொன்னது சரி. நான் அந்த வயதில் இவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. ஆகவே உன் பெயரில், உன் ரேயெரிலேயே போடச் சொல். உன் வரம்பு எவ்வளவு என்று வரித் திணைக்களம் அனுப்பிய தாளில் இருக்கிறது, அதற்கு மேல் போடாதே, தண்டம் வரும். வேலையில்லாதவர்களுக்குத் தருகிற காப்புறுதிக் காசு அதனால் முந்தி வராது. ரேயெரில் போட்டாலும் இந்தத் தொகையைக் கணக்கில் எடுத்துப் பிந்தித்தான் தருவார்கள், அதையும் தெரிந்து வைத்துக்கொள். வேலை கிடைக்காமல் அடுத்த வருடம் வருமானம் குறைந்தால், அப்போது அதில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடு, வரி குறைவாக விழும். வழக்கறிஞருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆத்திரத்தில் முழுவதையும் கையில் வாங்கி ஊதித் தள்ளாதே. இது கணக்காளர் அபிக்குச் சொன்னது, அபி எனக்குச் சொன்னது. காதில் தையலோடு இருந்துகொண்டு உன் வரியைக் குறைக்க வழி சொல்கிற பெண்ணைத்தான் நீ கள்ளி என்று நினைத்தாய்.

உனக்கு வேலை போன துக்கம் எனக்கு விளங்குகிறது. காலையில் எழும்பிப் போக ஓர் இடம் இல்லாத ஆள் எப்படிச் சுருங்கிப் போகிறான் என்று நான் பார்த்திருக்கிறேன். உன் அப்பா தொழிற்சாலை மூடியபிறகும் ஒவ்வொரு காலையும் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு, பூங்காவில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவரில் எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தால்தான் முதல் அடியை மன்னித்தேன், அந்த மன்னிப்பால்தான் இரண்டாவது வந்தது. ஆகவே உன்னில் எனக்கு இரக்கம் இருக்கிறது, ஆனால் அதை உன்னிடம் தரமாட்டேன். ஆத்திரத்தை அடக்கப் பழக்குகிற இடங்கள் இருக்கின்றன, ஆம்பிளைகள் வட்டமாக இருந்து கதைக்கிற இடங்கள். அங்கே போ. போகிறேன் என்று எனக்கு வந்து சொல்லாதே, போ. அபி உன்னிடம் திரும்பி வருவாளா என்று என்னைக் கேட்காதே. நான் அவளுக்கு வா என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். என் வீட்டில் அவளுக்கு விருப்பமான காலம்வரை இடம் இருக்கிறது.

நேற்று நீ போனபிறகுதான் பொலிஸ் வந்தது. மேல்வீட்டு மதாம்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு நான் நன்றி சொன்னேன். பொலிஸ்காரி இளம்பெண். அபியின் காதைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், ஒன்றையும் வற்புறுத்தவில்லை. வாக்குமூலம் கொடுக்க வியாழக்கிழமை நிலையத்துக்கு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அபி போவதாகச் சொல்கிறாள். விடிந்ததும் மனம் மாறினாலும் மாறும், அவளுடைய அம்மா ஒரு நாளைக்குப் பலமுறை போன் எடுக்கிறா. அவள் மாறினாலும் நான் மாறமாட்டேன். நானும் கண்ணால் கண்ட ஆள்தானே. இந்தக் கடிதத்தை நாளைக்கு நானே பஸ் எடுத்து வந்து உன் தபால்பெட்டியில் போடுவேன். மேலே ஏறி வரமாட்டேன், நீயும் கீழே இறங்கி வராதே.

வியாழக்கிழமை காலமை பொலிஸ் நிலையத்து மேசைக்கு முன்னால் இருப்பேன். இப்போது எனக்குப் பிரெஞ்சு வருகிறது, ஒருவரும் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கத் தேவையில்லை. உன் பெயரைக் கேட்பார்கள், எழுத்துக் கூட்டிச் சொல்வேன். பிறந்த திகதி கேட்பார்கள், அதை யோசிக்காமல் சொல்வேன். இந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். என் ஒரே மகன் என்பேன். பிறகு நீ அவளை அடித்ததைச் சொல்வேன்.

அம்மா